24 மணி நேரத்தில் உச்சம் காட்டிய அமைலேஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது சின்ன வேலைதான். துணி பதப்படுத்தும் முறைகளை ஆராயும் இன்னொரு குழுவுக்கு, பாவு நூலில் ஏற்றிய கஞ்சியை நீக்கிப் பார்க்க ஒன்றரை லிட்டர் பூஞ்சை அமைலேஸ் (ஸ்டார்ச்சை உடைக்கும் நொதி) தேவைப்பட்டது. தூய நொதி வேண்டாம், பூஞ்சை வளர்ந்த திரவத்தை வடிகட்டிக் கொடுத்தால் போதும், ஒரு மில்லி லிட்டரில் எத்தனை அலகு இருக்கிறது என்று மட்டும் சரியாகச் சொல்லிவிடுங்கள் என்றார்கள். அந்த 'மட்டும்'தான் பின்னால் எங்களைப் பிடித்துக்கொண்டது.

வேலையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நொதித்தலில் முதல்முறையாகக் கைவைக்கும் ஆய்வு மாணவி, அவளுக்கு மூத்தவளாக நான், எங்கள் இருவருக்கும் வழிகாட்டியான பேராசிரியர். பூஞ்சை ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே. ஜோகிச்சி தக்காமினே 1894இல் காப்புரிமை பெற்ற 'டாக்கா டயஸ்டேஸ்' என்ற நொதித் தயாரிப்பு இந்தப் பூஞ்சையிலிருந்து வந்ததுதான். அவர் அதைக் கோதுமைத் தவிட்டின்மேல் வளர்த்தார். தவிட்டில் இயல்பாகப் படரும் பூஞ்சையைத் திரவத்தில் மூழ்கடித்து ஆட்டினால் அதன் போக்கே மாறிவிடும். உருவமும் மாறும், அது வெளியே விடும் நொதிகளின் கலவையும் மாறும்.

ஊடகத்தின் செய்முறை, ஆய்வகத்தில் கைமாறி வந்த ஒரு பழைய நோட்டில் இருந்தது. லிட்டருக்குக் கரையும் ஸ்டார்ச் 20 கிராம், அம்மோனியம் சல்ஃபேட் 3 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1 கிராம், கொஞ்சம் மெக்னீசியம், கொஞ்சம் கால்சியம், ஒரு சிட்டிகை ஈஸ்ட் சாறு. தொடக்க பி.எச். 6. 250 மி.லி. குடுவையில் 50 மி.லி. ஊடகம், மில்லி லிட்டருக்கு 10 லட்சம் ஸ்போர், 30 டிகிரி செல்சியஸ், நிமிடத்துக்கு 180 சுற்று. பக்கத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் '24 மணி: சிறப்பு' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

முதல் ஓட்டம்

தினமும் மூன்று குடுவைகளை எடுத்து, வடிகட்டி, டி.என்.எஸ். முறையில் அளந்தோம். அமைலேஸ் ஸ்டார்ச்சை வெட்டும்போது ஒடுக்கும் சர்க்கரை வெளிப்படும். அது டைநைட்ரோசாலிசிலிக் அமிலத்தோடு கொதிநீரில் சேர்ந்தால் மஞ்சள் நிறம் செம்பழுப்பாகும். எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு சர்க்கரை. 540 நானோமீட்டரில் படித்து, நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் சர்க்கரையை (குளுக்கோஸ் கணக்கில்) வெளியிடும் நொதியை ஓர் அலகு என்று வைத்துக்கொண்டோம்.

முதல் நாள் மாலை வந்த எண் 8.2 அலகு. இரண்டாம் நாள் 7.2, மூன்றாம் நாள் 4.2. மூன்றாம் நாள் வரைபடத்தைக் காட்டியபடியே மாணவி சொன்னாள்: "அக்கா, பூஞ்சை முதல் நாளே வேலையை முடிச்சிடுது. நோட்டுல இருக்கறதும் இதேதான்."

நானும் தலையாட்டினேன். எண் பெரிதாக இருந்தது, மூன்று குடுவைகளும் ஒத்துப்போயின, பழைய நோட்டும் சாட்சி சொன்னது. 24 மணி நேரத்தில் அறுவடை என்று முடிவானது. 40 குடுவைகள் போட்டு, மறுநாள் துணியிலும் பிறகு வடிதாளிலும் வடித்து, ஒன்றரை லிட்டரைக் குளிர்பெட்டியில் வைத்து அனுப்பினோம். லேபிளில் 'மி.லி.க்கு 8.2 அலகு' என்று எழுதியது என் கைதான்.

திரும்பி வந்த துணி

பத்து நாள் கழித்து அந்தக் குழு ஓர் உறையில் இரண்டு துணித் துண்டுகளை அனுப்பியது. எங்கள் எண்ணை நம்பி அளவு கணக்கிட்டு, 50 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அலசிக் காயவைத்து, அயோடின் சொட்டு விட்டிருக்கிறார்கள். சொட்டு விழுந்த இடம் ஏறக்குறைய கருநீலம். கஞ்சி நீக்கத்தை மதிப்பிடும் டெகேவா ஊதா அளவுகோல் 1 முதல் 9 வரை போகும், 9 என்றால் கஞ்சி சுத்தமாகப் போயிற்று என்று பொருள். எங்களுடையதற்கு அவர்கள் கொடுத்த மதிப்பு 2.

முதலில் எழுந்த எண்ணம், வழியில் குளிர் போய் நொதி செத்திருக்கும் என்பது. எங்களிடம் மீதமிருந்த அதே வடிநீரை அளந்தோம். கிட்டத்தட்ட அதே எண் வந்தது. அப்படியானால் நொதி இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை. அவர்களிடம் விசாரித்தபோது, ஊறவைத்த நீரின் கடினத்தன்மையைக் குறைக்க உலோக அயனிகளைப் பிடிக்கும் ஒரு துணைப்பொருளைச் சேர்த்ததாகச் சொன்னார்கள். இந்த அமைலேஸுக்குக் கால்சியம் தேவை, அதைப் பறித்தால் நொதி தளர்ந்துபோகும். ஆக, குற்றத்தில் ஒரு பங்கு அங்கே இருக்கலாம் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், அது எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது. அந்த ஆறுதல் இரண்டு நாள்கூட நீடிக்கவில்லை.

பேராசிரியர் சொன்னது எளிய சோதனை. ஸ்டார்ச் கலந்த அகார் தட்டில் சிறு குழிகள் வெட்டி, 24, 48, 72 மணி வடிநீரைச் சமஅளவு விட்டு, இரவு முழுக்க வைத்து, காலையில் அயோடின் ஊற்றச் சொன்னார். ஊற்றியதும் தட்டு முழுவதும் நீலமாகி, குழிகளைச் சுற்றி மட்டும் வெளிறிய வட்டங்கள் நின்றன. எங்கள் எண்களின்படி 24 மணிக் குழியைச் சுற்றித்தான் பெரிய வட்டம் இருந்திருக்க வேண்டும். அதுவோ 48 மணி வட்டத்தைவிடச் சின்னதாக, 72 மணி வட்டத்துக்குக்கூடச் சற்று உள்ளடங்கி இருந்தது. மாணவி தட்டைத் திருப்பி அடியில் எழுதியிருந்த எண்களை இரண்டு முறை சரிபார்த்தாள். குழிகளை மாற்றி நிரப்பிவிட்டோமோ என்ற சந்தேகம். மாறவில்லை.

விட்டுப்போன ப்ளாங்க்

காரணம் செய்முறைத் தாளிலேயே இருந்தது. நாங்கள் வைத்த ப்ளாங்க் (நொதியால் வராத நிறத்தைக் கழிக்க வைக்கும் ஒப்பீட்டுக் குழாய்) ஒன்றே ஒன்று: ஸ்டார்ச்சும் பஃபரும் (பி.எச். மாறாமல் தாங்கும் கரைசல்), வடிநீர் இல்லாமல். அது ஸ்டார்ச்சில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரையைக் கழிக்கும். வடிநீரில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரையை யார் கழிப்பது?

பூஞ்சை ஊடகத்தில் உள்ள ஸ்டார்ச்சை உடைத்துச் சாப்பிடுகிறது. முதல் நாளில் அது உடைக்கும் வேகம் சாப்பிடும் வேகத்தைவிட அதிகம். ஆகவே 24 மணி வடிநீர், சர்க்கரைத் தண்ணீர். அளந்து பார்த்தபோது மி.லி.க்கு 9 மில்லிகிராம் இருந்தது. பத்து மடங்கு நீர்த்து அரை மி.லி. எடுத்தால், நொதி வேலையைத் தொடங்கும் முன்பே குழாயில் 0.45 மில்லிகிராம் சர்க்கரை, அதாவது 2.5 மைக்ரோமோல். வினைக்கு விடும் பத்து நிமிடத்தால் வகுத்து, குழாயில் உண்மையில் இருக்கும் 0.05 மி.லி. வடிநீருக்குக் கணக்கிட்டால் 5 அலகு. இல்லாத நொதிக்கு 5 அலகு. நாங்கள் லேபிளில் எழுதிய 8.2இல் உண்மையான நொதி 3.2 மட்டும்தான்.

திருத்திய எண்கள்: 24 மணியில் 3.2, 48 மணியில் 6.1, 72 மணியில் 4.0, 96 மணியில் 1.5. முதல் மூன்றுக்கும் தட்டில் தெரிந்த வட்டங்களின் வரிசையும் இதுவே.

இதில் எனக்கு உறுத்துவது கணக்குப் பிழை அல்ல, வேறொன்று. இந்தப் பூஞ்சையில் அமைலேஸ் மரபணுக்களை மால்டோஸ் போன்ற சர்க்கரைகள் தூண்டிவிடும், குளுக்கோஸ் மிகுந்தால் அடக்கிவிடும். கிரிஏ (CreA) என்ற புரதம் வழியாக நடக்கும் இந்த அடக்கலைப் பாடமாகவே படித்திருக்கிறோம். சர்க்கரை நிரம்பிய 24 மணித் திரவத்தில் நொதி உச்சத்தில் இருக்கிறது என்றால், அந்த எண்ணைப் பார்த்த உடனேயே புருவம் உயர்ந்திருக்க வேண்டும். எனக்கு உயரவில்லை. நோட்டின் ஓரத்திலிருந்த பென்சில் குறிப்பைத் தனிச் சாட்சியாக எண்ணிவிட்டேன். அதை எழுதியவரும் இதே செய்முறைத் தாளைத்தான் பயன்படுத்தியிருந்தார் என்பது பக்கங்களைப் புரட்டியபோது தெரிந்தது. இரண்டு சாட்சி இல்லை, ஒரே பிழை இரண்டு முறை.

சரி, திருத்தம் எளிது. இப்போது ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு ப்ளாங்க் குழாய்: முதலில் வடிநீரில் டி.என்.எஸ். கரைசலை விட்டு, அதன் காரத்தில் நொதி செயலிழந்த பிறகே ஸ்டார்ச் சேர்ப்போம். அந்தக் குழாய் காட்டும் நிறத்தைக் கழிப்போம். சர்க்கரை மிக அதிகமான மாதிரிகளில் கழித்தலே பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிப்பதாகி நம்பிக்கை குறைகிறது. அவற்றை முதலில் டயாலிசிஸ் பையில் இட்டுக் குளிரில் ஓரிரவு சர்க்கரையை வெளியேற்றுகிறோம். இரண்டு நாள் அப்படியே மறந்துவிட்ட ஒரு பை தொளதொளத்துக் கசிந்தது. பை செல்லுலோஸால் ஆனது, பூஞ்சையின் வடிநீரில் செல்லுலேஸும் இருக்கும். ஓரிரவு என்றால் ஓரிரவுதான்.

48 மணிக்குப் பின் நொதி எங்கே போகிறது

எண்கள் நேரானதும் அடுத்த கேள்வி தலைகாட்டியது. 6.1 வரை ஏறிய நொதி இரண்டு நாளில் 1.5க்கு இறங்குகிறது. உற்பத்தி நின்றால் எண் அப்படியே நிற்க வேண்டும், இறங்கக் கூடாது. எதுவோ அழிக்கிறது.

பி.எச். அளந்தாயா என்று பேராசிரியர் கேட்டார். "ஊடகத்துல பாஸ்பேட் பஃபர் இருக்கே சார்" என்றாள் மாணவி. அவர் ஒன்றும் சொல்லாமல் பி.எச். மீட்டரை நகர்த்தி வைத்தார். 24 மணியில் 4.6, 48 மணியில் 3.4, 72 மணியில் 2.7.

அந்த பாஸ்பேட்டைப் பஃபர் என்று அழைத்ததே எங்கள் பழக்கதோஷம். லிட்டருக்கு 1 கிராம் என்பது சுமார் 7 மில்லிமோல். அதுவும் பாஸ்பேட் நன்றாகத் தாங்குவது பி.எச். 7.2ஐ ஒட்டித்தான். 6இலிருந்து 4.6 வரை இறங்கும்போது அது அமிலத்தை ஏற்கும் திறன் அரை மில்லிமோலைக்கூட எட்டாது. மறுபக்கம் அம்மோனியம் சல்ஃபேட் 3 கிராமில் 45 மில்லிமோல் அம்மோனியம் இருக்கிறது. பூஞ்சை ஓர் அம்மோனியத்தை உள்ளே இழுக்கும்போது ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே விடுகிறது. சல்ஃபேட் அப்படியே நிற்கிறது. அதாவது நாங்கள் குடுவைக்குள் மெதுவாகக் கந்தக அமிலம் காய்ச்சிக்கொண்டிருந்தோம்.

நொதியைக் கொல்வது அமிலமா, அமிலத்தில் சுறுசுறுப்பாகும் புரதச் சிதைப்பு நொதிகளா என்று பிரித்தறிய ஒரு நாள் செலவிட்டோம். 48 மணி வடிநீரைப் பங்கிட்டு பி.எச். 5.5, 3.8, 2.8 என்று சரிசெய்து 30 டிகிரியில் வைத்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு பாதிக்குப் பெப்ஸ்டாட்டின். இது ஆஸ்பார்ட்டிக் வகைப் புரதச் சிதைப்பு நொதிகளைப் பூட்டிவிடும். நான்கு மணி நேரத்தில் 5.5இல் வைத்தது அப்படியே இருந்தது. 2.8இல் பெப்ஸ்டாட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரும்பகுதி போய்விட்டது. அங்கே அமிலமே நேரடியாக நொதியின் மடிப்பைக் கலைக்கிறது. 3.8இல் இழப்பு நடுத்தரம், பெப்ஸ்டாட்டின் அதில் பாதியைத் தடுத்தது. இரண்டு எதிரிகளும் உண்டு, இரண்டுமே பி.எச். இறங்கினால்தான் உள்ளே வரும் என்பது தெளிவானது.

எடுத்த முடிவு

வழிகள் சில இருந்தன. தினமும் காரம் சேர்க்கலாம். ஆனால் பஞ்சடைப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மாசு புக வாய்ப்பு, அதோடு 40 குடுவைக்கு யார் நிற்பது? கால்சியம் கார்பனேட் போடலாம் என்றாள் மாணவி. மோசமான யோசனை அல்ல, கால்சியமும் கிடைக்கும். ஆனால் தூள் பூஞ்சை இழைகளில் சிக்கிக்கொண்டு உலர் எடையைப் பொய்யாக்கும். ஒரு பொய் எண்ணால் சூடுபட்ட பிறகு இன்னொன்றை வரவழைக்க எனக்கு மனமில்லை.

ஆகவே நைட்ரஜனை மாற்றிப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். ஒரு தொகுதியில் பழைய ஊடகம். இன்னொன்றில் அதே அளவு நைட்ரஜன் சோடியம் நைட்ரேட்டாக. மூன்றாவதில் அம்மோனியம் சல்ஃபேட்டை 1 கிராமாகக் குறைத்து 5 கிராம் பெப்டோன் (பாதி செரித்த புரதம்). நைட்ரேட்டை உள்ளே எடுக்கும்போது பூஞ்சை ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்து எடுப்பதால் பி.எச். ஏறும். பெப்டோனில் உள்ள அமினோ அமிலங்களைச் சிதைக்கும்போது அம்மோனியா வெளிவந்து, மிச்சமுள்ள அம்மோனியம் சல்ஃபேட்டின் அமிலத்தை ஈடுகட்டும். கணக்கு இதுதான்.

நைட்ரேட் குடுவைகளில் வளர்ச்சி மந்தம். 96 மணியில் 10.8 அலகு வந்தாலும் பி.எச். 7.4க்கு ஏறிவிட்டது. அந்தப் பக்கம் காரப் புரதச் சிதைப்பு நொதி காத்திருக்கிறது, ஒரு பள்ளத்திலிருந்து இன்னொரு பள்ளம். பெப்டோன் குடுவைகளில் 72 மணியில் பி.எச். 5.4, நொதி 14.6 அலகு. 96 மணியிலும் ஏறக்குறைய அதே. பெப்டோனையே தேர்ந்தெடுத்தோம்.

மூன்றாவது குடுவை

இடையில் ஒரு சின்னத் தொல்லை. பெப்டோன் தொகுதியிலும் மூன்று குடுவைகளில் கடைசியானது எப்போதும் கால் பங்கு குறைவாகவே வந்தது. குடுவைகளைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. முதலிரண்டில் ஜவ்வரிசி அளவு மணிகளும் நார்நாரான கூழும் கலந்திருந்தன. மூன்றாவதில் தெளிந்த திரவத்தில் பெரிய உருண்டைகள் சில உருண்டுகொண்டிருந்தன. ஒன்றை எடுத்து பிளேடால் வெட்டினேன். வெளியே வெல்வெட் போல வெண்மை, உள்ளே பழுப்பேறிய, நொறுங்கும் கூடு. ஆக்சிஜன் உருண்டையின் மேற்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டரின் பின்னம் வரைதான் ஊடுருவும். அதற்கு உள்ளே இருப்பது பட்டினி கிடந்து சாகும் பகுதி. அதிலிருந்து கசிவது பெரும்பாலும் நமக்கு வேண்டாதவை.

ஸ்போர் எண்ணிக்கை குறைந்தால் உருண்டைகள் குறைவாகவும் பெரிதாகவும் வரும். எண்ணிக்கை எல்லாக் குடுவைக்கும் ஒன்றுதானே என்றால், இல்லை. ஸ்போர்கள் நீரை வெறுப்பவை. ட்வீன் 80 என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்த்த நீரில் கலக்கினாலும் கொஞ்ச நேரத்தில் அடியில் இறங்கிவிடும். மாணவி குழாயின் மேற்பகுதியிலிருந்து எடுத்து வரிசையாக ஊற்றியிருக்கிறாள். ஒவ்வொரு குடுவைக்கும் முன்பு குழாயைக் குலுக்கத் தொடங்கியதோடு இந்தப் பிரச்சினை முடிந்தது.

இரண்டாவது அனுப்பல்

மீண்டும் 40 குடுவைகள், இம்முறை 72 மணி. வடிநீரைக் குளிரில் வைத்து 70 விழுக்காடு தெவிட்டல் அளவுக்கு அம்மோனியம் சல்ஃபேட் சேர்த்து நொதியைப் படியவைத்தோம். குடுவைக்குள் எங்களைக் கெடுத்த அதே உப்பு, வெளியே வந்ததும் உதவிக்கு வந்தது. படிவை பி.எச். 5.5 அசிட்டேட் பஃபரில் கரைத்து, 5 மில்லிமோல் கால்சியம் குளோரைடு சேர்த்து டயாலிசிஸ் செய்தோம். இங்கே பாஸ்பேட் பஃபர் கூடாது, கால்சியத்தோடு சேர்ந்து வெண்மையாகப் படிந்துவிடும். முழு வேலையிலும் நொதியில் மூன்றில் ஒரு பங்கு கைநழுவியது.

லேபிளில் இம்முறை எண்ணோடு, அளந்த பி.எச்., வெப்பநிலை, எந்த ப்ளாங்க் கழிக்கப்பட்டது, எப்போது அளந்தோம் என்பதையும் எழுதினோம். முதல் லேபிள் தவறு என்று தனிக் கடிதமும், உலோக அயனியைப் பிடிக்கும் பொருளை விட்டுவிடும்படி ஒரு வேண்டுகோளும் வைத்தோம். திரும்பி வந்த துணியில் அயோடின் சொட்டு வெளிர் ஊதாவாகவே நின்றது. அளவுகோலில் 7. முதல் தோல்வியில் எங்கள் எண்ணுக்கு எவ்வளவு பங்கு, அவர்களின் துணைப்பொருளுக்கு எவ்வளவு என்று இப்போது பிரிக்க வழியில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டோம். பழைய வடிநீரைத் துணைப்பொருள் இல்லாமல் ஒருமுறை ஊறவைத்துப் பாருங்கள் என்று கேட்டிருக்கலாம், தோன்றவில்லை.

என்ன மாறியது, என்ன பாக்கி

வடிநீர் ப்ளாங்க் இல்லாத எந்த எண்ணும் இப்போது நோட்டில் ஏறுவதில்லை. ஒவ்வொரு மாதிரியிலும் பி.எச்.சும் மீதச் சர்க்கரையும் அளக்கிறோம். மூன்றையும் ஒரே வரைபடத்தில் போட்டால், எது எதை இழுக்கிறது என்று பார்த்தவுடன் தெரிகிறது. அகார் தட்டுச் சோதனையும் தொடர்கிறது. அது துல்லியமற்றது, ஆனால் சர்க்கரையால் ஏமாறாது.

டி.என்.எஸ். சொல்லும் எண்ணில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. இந்தப் பூஞ்சை ஆல்ஃபா அமைலேஸோடு குளுக்கோஅமைலேஸையும் விடுகிறது. முன்னது சங்கிலியை நடுவில் வெட்டும், பின்னது நுனியிலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாகக் கழற்றும். கஞ்சி நீக்கத்துக்கு முன்னதுதான் முக்கியம், டி.என்.எஸ். இரண்டையும் கூட்டிச் சொல்லும். அயோடினின் நீலம் எவ்வளவு வேகமாக மங்குகிறது என்று அளந்தால் நடுவெட்டு தனியாகத் தெரியும் என்பதால் அதையும் சேர்த்திருக்கிறோம்.

ஐந்து லிட்டர் கலனுக்கு இதை மாற்றும் முயற்சி இன்னும் கைகூடவில்லை. முதல் ஓட்டத்தில் இரண்டாம் நாளே திரவம் கூழாகி, கலக்கியின் தகடுகளைப் பூஞ்சை போர்த்திக்கொண்டு, கரைந்த ஆக்சிஜன் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்தது. பி.எச். மட்டும் 5.5இல் கோடு போட்டதுபோல நின்றது. அடுத்த ஓட்டத்துக்கு ஸ்போருக்குப் பதில், குடுவையில் 18 மணி நேரம் வளர்த்த சிறு மணிகளை விதையாக இடப் போகிறோம். விதைக் குடுவைகள் இன்று காலை ஷேக்கரில் ஏறின.